வாட்டு வெறுமையாகக் கிடந்த காய்ச்சல் காலம்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருத்தியைக் கூப்பிட்டால் சேவை, தியாகம், புன்னகை என்று பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குப் புன்னகைக்க நேரம் கிடைத்ததில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் பெண்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். என் வாய்க்குப் பயந்தே நோயாளிகள் கெதியாகச் சுகமாகிப் போகிறார்கள் என்று சிற்றூழியர்கள் பகிடி விடுவார்கள். ஊசி போடுவதையும் சேலைன் ஏற்றுவதையும் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், அதற்கு நான் தேவையில்லை. நான் கட்டில்களைப் பற்றிப் பேசப்போகிறேன். கட்டில் நிரம்பி வழிந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். காய்ச்சல் காலத்தில் கட்டில் காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன்.

கொரோனா வந்தபோது உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அப்போது எங்கள் சனம் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறவன்கூட முகக்கவசத்தோடு போனான். ஒரு வீட்டில் யாராவது இருமினால் அந்த ஒழுங்கைக்குள் மீன்காரன் வரமாட்டான். அவ்வளவு பயந்த சனம் வைத்தியசாலைக்கு மட்டும் வரவில்லை. நெஞ்சு நோவையும் சீனி வருத்தத்தையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நோயைவிட அவர்களுக்குப் பஸ்தான் பயம். தொற்று என்று தெரிந்தால் வாசலில் பஸ் வந்து நிற்கும், ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ ஒரு வேலிக்குள் இறக்கிவிடும். வேலிக்குள் அடைபட்டிருப்பது என்றால் என்ன என்று, போர் முடிந்து முகாம்களில் கிடந்த வன்னிச் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு அந்தக் காலம் போயிற்று. ஒவ்வொரு வருடமும் வருகிற இன்புளுவன்சாக் காய்ச்சல் தன்பாட்டில் வந்தது. அதற்கு இங்கே யாரும் அந்தப் பெயர் சொல்வதில்லை. தடிமன், அவ்வளவுதான். முன்பு கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்த அதே சனம் இப்போது நோயாளியின் கட்டிலில் ஏறிக் குந்திக்கொண்டு, அவள் மிச்சம் வைத்த இடியப்பத்தைக் குழந்தைக்குத் தீத்தியது. பார்வையாளர் நேரம் என்றால் ஒரு நோயாளிக்கு ஒரு குடும்பமே வரும். வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் இனசனத்துக்குள் காலம் முழுவதும் சொல்லிக் காட்டுவார்களே.

ஒருநாள் இருமிக்கொண்டே வந்த ஒரு பெரியவரை வாசலில் மறித்தேன். “முகக்கவசம் எங்க ஐயா?”

“அது கொரோனாவுக்கெல்லோ, சிஸ்டர். இது வெறும் தடிமன்.”

“உள்ளுக்க இருக்கிறதுகள் நெஞ்சுச் சளியோட கிடக்கிற கிழவியள். உங்கட வெறும் தடிமன் அதுகளைக் கொண்டுபோயிடும்.”

“சண்டையில செல்லடிக்குள்ளால வந்த சனம் நாங்கள். தடிமனுக்குச் சாவமோ?” என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

இந்தக் கதையை நீங்களும் கேட்பீர்கள். கேட்டுக் கோபப்படாதீர்கள். பெரிய சாவைப் பார்த்தவர்களுக்குச் சின்னச் சாவு கண்ணில் தெரிவதில்லை. நான் கோபப்பட்டேன் என்பது வேறு விசயம்.

நான் சொல்ல வந்த காய்ச்சல் காலம் ஒரு வைகாசியில் தொடங்கியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சனம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், இரண்டு கட்டிலுக்கு நடுவே பாயில் ஒருத்தி, விறாந்தையில் வரிசையாகப் பாய்கள். சேலைன் போத்தலைத் தொங்கவிடக் கம்பி இல்லாமல் யன்னல் கம்பியில் கட்டினோம். தாதிகளிலும் இரண்டு பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். பொங்கலுக்கு நேர்த்தி இருக்கிறது, துண்டு வெட்டி வீட்டுக்கு விடுங்கோ என்று ஒருத்தி காய்ச்சலோடு நச்சரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது.

பொறுப்பு வைத்தியர் வயதில் என் மகன் மாதிரி, கெட்டிக்காரர். எங்களைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். கொரோனாக் காலத்துக் கூடாரத்தை மீண்டும் முன்வாசலில் கட்டுவது. காய்ச்சல், இருமல் என்று வருகிற எல்லோரையும் அதற்குள் வைத்தே பார்ப்பது, மற்ற நோயாளிகளோடு கலக்க விடுவதில்லை. சுற்றி மஞ்சள் நாடா. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அந்த வெள்ளை முழு உடுப்பு. சொந்தக்காரருக்கு அனுமதி இல்லை. புத்தகத்தின்படி பார்த்தால் இதில் ஒரு பிழையும் இல்லை. கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கூடாரம் எழும்பியது. சில நாட்களில் வரிசை கரைந்தது. விறாந்தைப் பாய்களைச் சுருட்டி வைத்தோம். பிறகு கட்டில்களும் ஒவ்வொன்றாகக் காலியாகின. மேலிடத்திலிருந்து தொலைபேசியில் பாராட்டு வந்தது. தாதிகள் எத்தனையோ நாளைக்குப் பிறகு இருந்து தேநீர் குடித்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் புதுக்குடியிருப்புச் சந்தையில் இறங்கினேன். கொத்தமல்லி வாங்கப் போனால் கடையில் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை.

“முடிஞ்சுது, மிஸ். மூட்டை அவிழ்க்க அவிழ்க்கச் சனம் அள்ளிக்கொண்டு போகுது. வீட்டுக்கு வீடு காய்ச்சலுக்கு மல்லிக் குடிநீர் அவிக்கினம்” என்றார் கடைக்காரர்.

நான் வெறும் பையோடு பஸ்ஸில் ஏறினேன். வாட்டில் காய்ச்சல் இல்லை, ஊரில் கொத்தமல்லி இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. காய்ச்சல் குறைந்திருந்தால் கொத்தமல்லி ஏன் முடிகிறது? இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வாட்டுக்குள் நின்று பார்த்தால் வருகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். வராதவர்களை வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் கரைப்பக்கத்துக் குடும்பநல மாது என்னைத் தேடி வந்தாள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள் அவள். அவளுடைய பிரிவில் ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை, எட்டு மாதக் கர்ப்பிணி, முதற்பிள்ளை. மாமியாரோடு இருக்கிறாள், கணவன் கடற்தொழில்.

“காய்ச்சலோட மாமியும் மருமகளும் எங்கட கேற் வரைக்கும் வந்திருக்கினம், சிஸ்டர். கூடாரத்தையும் வெள்ளை உடுப்பையும் கண்டிட்டுத் திரும்பிப் போட்டினம். நேற்று நான் போக, கதவைத் திறக்கேல்லை. உள்ளுக்க இருமல் மட்டும் கேட்டுது.”

கர்ப்பிணிக்கு இந்தத் தடிமன் வெறும் தடிமன் இல்லை என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அம்புலன்சில் போவதா என்று யோசித்தேன். அதில் ஒட்சிசன் இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் நுழைந்தால் அவர்கள் பின்பக்கத்தால் கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள் என்றும் தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. வைத்தியரிடம் சொல்லிவிட்டு, குடும்பநல மாதுவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். போகிற வழி முழுவதும், ஒட்சிசன் இல்லாமல் போகிறேனே என்ற எண்ணம் நெஞ்சைக் குடைந்தது. இரண்டு வழியிலும் ஆபத்து இருந்தால், நோயாளி கதவைத் திறக்கக்கூடிய வழி எதுவோ அதில் போங்கள்.

தகரக் கதவைத் தட்டினேன்.

“ஆர்?”

“ஆஸ்பத்திரியால வந்திருக்கிறன், அம்மா. வாட்டுச் சிஸ்டர்.”

“பஸ் எங்க நிக்குது?”

“பஸ் இல்லை. இந்தப் பிள்ளையின்ர ஸ்கூட்டர்லதான் வந்தனான். இடுப்பு முறிஞ்சு போச்சு, இருக்க ஒரு கதிரை தாங்கோ.”

கதவு கொஞ்சம் திறந்தது. மாமியார் திரேசம்மா நின்றா. கையில் கருவாட்டு மணம், கழுத்தில் செபமாலை. அவ சிரிக்கவில்லை, ஆனால் கதிரையைத் தந்தா.

ஜெசிந்தா உள்ளே சுவரில் சாய்ந்து இருந்தாள். படுக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

“எனக்கு... ஒண்டும் இல்லை, மிஸ்... தடிமன்... தான்...”

அவளுக்கு ஒரு சின்ன வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலவில்லை. கருவி எதுவும் இல்லாத இடத்தில் இதைக் கவனியுங்கள். நோயாளி என்ன சொல்கிறாள் என்பதோடு, எத்தனை இடத்தில் நிறுத்திச் சொல்கிறாள் என்றும் பாருங்கள். அவளுடைய உதடு நிறம் மாறியிருந்தது.

“கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். ஆவி வேதும் பிடிச்சனாங்கள். நாளைக்குச் சுகமாயிடும்” என்றா திரேசம்மா.

“அம்மா, இவவின்ர மூச்சைப் பாருங்கோ. நாளைக்கு மட்டும் தாங்குவா எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. இப்ப வெளிக்கிட வேணும்.”

“விட மாட்டன்.” அவ குரலை உயர்த்தவில்லை. “என்ர மனிசனும் நடந்துதான் பஸ்ஸில ஏறினவர். ரெண்டு கிழமையில வந்திடுவார் எண்டு உங்களை மாதிரி ஒரு மிஸ்தான் சொன்னவா. எந்த ஊருக்குக் கொண்டுபோனவை எண்டுகூட எனக்குச் சொல்லேல்லை. அங்கயே எரிச்சுப்போட்டு ஒரு முட்டியில சாம்பல் குடுத்தவை. அது அவற்ற சாம்பலோ எண்டு ஆருக்குத் தெரியும்? ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலையில தங்கட ஆக்களின்ர கல்லறையில மெழுகுதிரி கொளுத்துகினம். நான் எங்க கொண்டுபோய்க் கொளுத்த?”

உங்களுக்கு நினைவிருக்கலாம், கொரோனாவால் இறந்தவர்களை எந்தச் சமயமானாலும் எரிக்க வேண்டும் என்று அப்போது ஒரு காலம் சட்டம் இருந்தது. நாங்கள் அதைக் கடந்துவிட்டோம். திரேசம்மா கடக்கவில்லை. கூடாரத்தைக் கண்டபோது நாங்கள் கண்டது ஒரு ஒழுங்கு, அவ கண்டது அந்தப் பஸ்.

இந்த இடத்தில் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக நிற்கும். ‘பயப்பிடாதேங்கோ, மருமகள் சுகமாகி வருவா’ என்ற பொய். அது முன்பு ஒருமுறை இந்த வீட்டுக்குச் சொல்லப்பட்ட பொய். நான் கதிரையை அவவுக்கு முன்னால் இழுத்துப்போட்டேன்.

“சுகமாக்கித் தருவன் எண்டு நான் சொல்ல மாட்டன், அம்மா. சரியாப் பிந்திப் போச்சு. எங்கட ஆஸ்பத்திரியில மூச்சு மெசின் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தவும் வேண்டி வரும். ஆனா எங்க போனாலும் உங்களை ஏத்தாமல் அம்புலன்ஸ் வெளிக்கிடாது, நானும் வருவன். இவவின்ர முகத்தை நீங்கள் பாக்கலாம். இந்தக் காய்ச்சலுக்கு எரிக்கிற சட்டம் இல்லை. என்ன நடந்தாலும் வீட்டுக்குத்தான் கொண்டுவருவம். இது என்ர சொல்லு.”

குடும்பநல மாது என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்படியா ஒரு கர்ப்பிணிக்கு முன்னால் கதைப்பது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் வாய் கசந்துதான் போயிற்று.

ஜெசிந்தாதான் பேசினாள். “மாமி... போவம். பிள்ளை... நேற்றுப் போல... அசையேல்லை.”

திரேசம்மா மருமகளின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தா. பிறகு பக்கத்து வீட்டு ஓட்டோக்காரனைக் கூப்பிட்டா.

வைத்தியசாலை வாசலில் காவலாளி வழக்கப்படி கூடாரப் பக்கம் கையைக் காட்டினான். வெள்ளை முழு உடுப்போடு பொறுப்பு வைத்தியர் வெளியே வந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. ஜெசிந்தா ஓட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இறங்கவில்லை. அவளைப் பிடித்து இறக்க எங்களுக்கு உரிமை இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை.

“டொக்டர், அந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு மாஸ்க்கோட மட்டும் வாங்கோ.”

“சிஸ்டர், விதிமுறை...”

“இன்புளுவன்சாவுக்கு மாஸ்க் போதும். அது உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அவவுக்கு உங்கட முகம் வேணும்.”

எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்திருக்கும். ஆனால் நல்ல பிள்ளை. தலைமூடியைக் கழற்றினார், உடுப்பைக் கழற்றினார், சாதாரண முகக்கவசத்தோடு ஓட்டோவுக்குக் கிட்ட வந்து குனிந்தார். “தங்கச்சி, நான்தான் டொக்டர். மாமியும் உங்களோட உள்ளுக்க வரட்டும்” என்றார். ஜெசிந்தா கம்பியை விட்டாள்.

ஒட்சிசன் கொடுத்தோம், மருந்து தொடங்கினோம். பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்டது. ஆனால் ஜெசிந்தாவின் ஒட்சிசன் அளவு ஏறவில்லை. பெரிய வைத்தியசாலைக்கு அழைத்தால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லை என்றார்கள். வேறு இடத்துக்கு அழைத்தோம், அங்கும் இல்லை. வெறும் தடிமன் என்று ஊர் சொன்ன அதே காய்ச்சல்தான் அந்தக் கட்டில்களில் படுத்திருந்தது. எங்கள் வாட்டில் இருபக்கமும் காலிக் கட்டில்கள் கிடந்தன, அவளுக்குத் தேவையான ஒரு கட்டில் மாகாணத்தில் இல்லை. வைத்தியர் தொலைபேசியைக் கீழே வைக்கவேயில்லை. பின்னேரம்தான் ஒரு இடம் கிடைத்தது. சொன்னபடி திரேசம்மாவை ஏற்றினேன், நானும் ஏறினேன்.

அங்கே கதவடியில் பொறுப்புத் தாதி மறித்தாள். “உள்ளுக்க சொந்தக்காரரை விடேலாது, சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததே?”

“தெரியும், தங்கச்சி. என்ர வாட்டில நானும் இதைத்தான் சொல்லுவன். ஆனா இந்தக் கதவால இவவை விடுவன் எண்டு சொல்லித்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தனான். விடாட்டி நான் இதில நிப்பன்.”

நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு மேலாடையும் முகக்கவசமும் கொண்டுவந்து திரேசம்மாவுக்குக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து நாளும் ஒருதரம் பார்க்க விட்டார்கள். கடலால் வந்த கணவன் கையொப்பம் வைக்க, சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, சின்ன உடம்பு, ஆனால் நல்ல சத்தம்.

ஜெசிந்தாவை ஏற்றிப்போன அடுத்த நாள் காலையில் எங்கள் பொறுப்பு வைத்தியர் தன் கையாலேயே மஞ்சள் நாடாவை அவிழ்த்தார். கூடாரத்தைக் கழற்றிவிட்டு, முற்றத்து வேம்பின் கீழ் இருப்பதற்கு வாங்குகளை விலத்தி விலத்திப் போட்டோம். காய்ச்சல்காரருக்கு அதுதான் இடம். வருகிறவர்களுக்கு முகக்கவசம் கொடுத்தோம். நோயாளியோடு ஒரு சொந்தக்காரர், ஒருவர் மட்டும். குடும்பநல மாதுகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சனம் வந்தது. பாய்கள் மீண்டும் விரிந்தன, விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. சிலர் மிகவும் பிந்தித்தான் வந்தார்கள்.

“இவ்வளவு பேரும் எங்க இருந்தவை, சிஸ்டர்?” என்று வைத்தியர் கேட்டார்.

“வீட்டில, டொக்டர்.”

நாங்கள் இருவரும் குனிந்து பாய்களுக்கு நடுவால் வேலையைத் தொடங்கினோம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஜெசிந்தா போகவில்லை. மெசினில் சில நாட்கள் இருந்தாள், பிறகு ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். செய்தி வந்தபோது நான் தேநீர் போடுகிற வாட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அழக்கூடாது, ஆனால் அழாமலும் இருக்கக்கூடாது. உங்களுக்கும் அந்தக் குசினி தேவைப்படும்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. கோயிலில் பூசை நடந்தது, கடற்கரை மணலில் இருக்கிற சேமக்காலையில் அடக்கினார்கள். சனம் எல்லாம் மண் போட்டு முடிந்து கலைந்தபோது திரேசம்மா என்னிடம் வந்தா. நான் வாயைத் திறக்க முன் அவ கதைத்தா.

“உங்கட சொல்லு நிண்டுது, மிஸ். முகம் பாத்தனான். கடைசியாப் பாத்தனான். மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு இடம் இருக்கு.”

நான் தலையாட்டினேன்.

“ஆனா அந்தக் கூடாரத்தைக் கட்டாமல் விட்டிருந்தா, நான் முதல் நாளே உள்ளுக்க கூட்டிக்கொண்டு வந்திருப்பன். கேற் வரைக்கும் வந்தனான்.”

“ஓம், அம்மா” என்றேன்.

அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. “பேத்திக்கு ஒரு சின்னச் சூடு காய்ஞ்சாலும் இனி உங்களிட்டத்தான் தூக்கிக்கொண்டு வருவன். தடிமன் எண்டாலும் வருவன். கேற்றைத் திறந்து வைச்சிருங்கோ.”

ஓய்வு பெறும் நாள் வரைக்கும் திறந்துதான் வைத்திருந்தேன். அவ பேத்தியோடு வந்தும் இருக்கிறா, ஒன்றுக்கு இரண்டு தரம். இனி அவ வரும்போது கேற்றடியில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள்.